டிரக்கோடு வடகாட்டுக்கு: ஒண்டாரியோவா, கியூபெக்கா, மேய்னா?

டொரண்டோ, மிசிசாகா, பிராம்ப்டன் பக்கம் பிக்கப் டிரக்கோ டொயோட்டா ஃபோர்ரன்னரோ வைத்திருக்கும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. அல்கான்குவினில் கூடாரம் போட்டாயிற்று, ஜார்ஜியன் பே பார்த்தாயிற்று. இனி எல்லா வண்டியும் சேர்ந்து, போன் சிக்னல் எட்டாத காட்டுக்குள் ஒரு வாரம் பத்து நாள் போய் வர வேண்டும். எங்கே என்று கேட்டவுடன் குழு மூன்றாகப் பிரிந்துவிடுகிறது. ஒருவர் வட ஒண்டாரியோவின் லாகிங் ரோடுகள், அதாவது மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட காட்டுச்சாலைகள் என்பார். இன்னொருவர் கியூபெக்கின் ஜேம்ஸ் பே, அங்கிருந்து கிழக்கே போகும் டிரான்ஸ்-டைகா சாலை என்பார். மூன்றாமவர் எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் காடு என்பார். மூவரும் மாறி மாறி வீடியோ அனுப்புவார்கள், முடிவு மட்டும் வராது.

அந்த வீடியோக்களில் வருவதெல்லாம் நல்ல நாள்கள். குழுவாகப் போகிறவர்கள் கெட்ட நாளை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வண்டியின் அச்சு முறிந்து நிற்கிறது, அல்லது இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலிக்கிறது. அந்த இடத்திலிருந்து பத்துப் பேரும் எப்படி வெளியே வருவார்கள்? இந்தக் கேள்விக்கு மூன்று காடுகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

வேறு சில பெயர்களும் அடிபடும், அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. லாப்ரடாரைக் குறுக்கே கடக்கும் சாலை 2022-ல் முழுக்கத் தார்ச்சாலை ஆகிவிட்டது. அது அருமையான நெடும்பயணம், ஆனால் காட்டுப்பாதை ஓட்ட நினைப்பவர்களுக்கானது அல்ல. அல்கான்குவின் பூங்காவுக்குள்ளும் லாகிங் ரோடுகள் உண்டு, பொதுமக்கள் வண்டிக்குத்தான் அனுமதி இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது உதவி வந்து சேரும் தூரம். ஆம்புலன்சுக்கு ஒரு தூரம், இழுவை வண்டிக்கு வேறொரு தூரம். போலீஸ் தேடி வருவதற்குப் பணம் கேட்க மாட்டார்கள். காட்டுக்குள் கிடக்கும் வண்டியை இழுத்து வருபவர் கேட்பார், அந்தத் தொகை ஆயிரக்கணக்கான டாலரைத் தொடும். சாலை உதவிக்காக நாம் வருஷா வருஷம் பணம் கட்டி வைத்திருக்கும் உறுப்பினர் அட்டைகள் பெரும்பாலும் ஆண்டு முழுக்கப் பராமரிக்கப்படும் சாலையோடு நின்றுவிடும். லாகிங் ரோட்டுக்கு அந்த அட்டையை நம்பிப் போகக் கூடாது.

அடுத்தது, திரும்பி வரும் வழி. மழை கொட்டுகிறது, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், ஒருவருக்கு லீவு ரத்தாகிறது. பாதியில் விலகிப் போக இன்னொரு சாலை இருக்கிறதா, அல்லது வந்த வழியே முழுத் தூரமும் திரும்ப வேண்டுமா?

மூன்றாவது பெட்ரோல். குழுவில் எந்த வண்டி அதிகம் குடிக்கிறதோ, எதன் டேங்க் சிறியதோ, அதை வைத்துத்தான் கணக்கு.

நாலாவது, குழுவிலேயே அனுபவம் குறைந்த ஓட்டுநர். முன்னால் போகிறவருக்கு வண்டியை இழுக்கும் வின்ச்சும் முப்பத்தைந்து அங்குல டயரும் இருப்பதால் நாலாவதாக வருகிறவர் ஆற்றைத் தாண்டிவிட மாட்டார். பாதையின் கடினத்தை முடிவு செய்யும் உரிமை அந்த நாலாவது ஆளுக்கு இருக்க வேண்டும்.

அதன்பின் காகிதங்கள்: பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ், அனுமதிச் சீட்டு. நம்மவர்கள் குழுவில் இது மற்றவர்களைவிடப் பெரிய விஷயம். காரணம் மேய்ன் பகுதியில் வரும்.

## ஒரே பார்வையில்

| | வட ஒண்டாரியோ | ஜேம்ஸ் பே, டிரான்ஸ்-டைகா | வட மேய்ன் |
|---|---|---|---|
| டொரண்டோவிலிருந்து தொடக்கம் வரை | டெமாகமி சுமார் 450 கி.மீ., தெசலான் சுமார் 600 கி.மீ. | மட்டாகாமி சுமார் 900 கி.மீ. | மில்லினாக்கெட் 1,000 கி.மீ.-க்கு மேல் |
| பாதையின் தன்மை | நல்ல கிராவலில் (சரளைக்கல் சாலை) இருந்து சேறு, பாறை வரை, எது வேண்டுமோ அது | தார், பிறகு கூர்க்கல் கிராவல் | அகலமான, சீரான கிராவல் |
| பெட்ரோல் இடைவெளி | நெடுஞ்சாலையை ஒட்டினால் 200 கி.மீ. சொச்சம் | முதலில் 381 கி.மீ., கடைசியில் 600 கி.மீ.-க்கு மேல் | காட்டுக்குள் கிடையாது, வெளியே உள்ள ஊரில் நிரப்ப வேண்டும் |
| பாதியில் விலக முடியுமா | பல இடங்களில் முடியும் | டிரான்ஸ்-டைகாவில் முடியாது | முடியும், காட்டு நுழைவாயில் நேரத்தைப் பார்த்து |
| தங்கும் செலவு | கனடாவில் வசிப்போருக்கு அரசு நிலத்தில் இலவசம் | பெரும்பாலும் இலவசம் | ஆளுக்கு, நாளுக்குக் கட்டணம் |
| மறைந்திருக்கும் பெரிய செலவு | இழுவை வண்டி | டயர், பெட்ரோல், நாள்கள் | விசா, மருத்துவ இன்சூரன்ஸ் |

## வட ஒண்டாரியோ: பாதையை நீங்களே தொடுக்கலாம்

வட ஒண்டாரியோவின் பெரும் பகுதி அரசு நிலம், அங்கே இதை கிரவுன் லேண்ட் என்பார்கள். கனடாவில் வசிப்பவர்கள் தடைப் பலகை இல்லாத இடத்தில் ஒரே இடத்தில் வருஷத்துக்கு 21 நாள் வரை இலவசமாகக் கூடாரம் போடலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையோ மச்சானையோ கூட்டிப் போகிறீர்களா? வெளிநாட்டவராக வந்திருப்பவர்களுக்கு ஃபிரெஞ்ச் ஆறு, மட்டாவா ஆறு இரண்டுக்கும் வடக்கே அரசு நிலத்தில் தங்கக் கட்டண அனுமதி வேண்டும். சிறிய தொகைதான், பலருக்கு இது தெரிவதே இல்லை.

குழுவின் முதல் பயணத்துக்கு நான் சொல்லும் சுற்று இது. தெசலானில் இருந்து 129-ஆம் நெடுஞ்சாலையில் மிசிசாகி ஆற்றை ஒட்டி வடக்கே ஏறி சாப்லோ. அங்கிருந்து கிழக்கே சுல்தான் என்ற சின்ன ஊர். அதைத் தாண்டினால் சுல்தான் இண்டஸ்ட்ரியல் ரோடு, மரக் கம்பெனிகளுக்காகப் போட்ட கிராவல் சாலை, 144-ஆம் நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும். அதன்பின் 560 பிடித்து கவ்கண்டா, எல்க் லேக் வழியாகக் கிழக்கே வந்து, டெமாகமி பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். மொத்தம் சுமார் 1,700 கி.மீ. இடையில் இரண்டு பக்கமும் பிரியும் காட்டுப்பாதைகளில் எத்தனை உள்ளே போவது என்பது உங்கள் விருப்பம். சாப்லோவுக்கு வடக்கே 7,000 சதுர கி.மீ. பரப்பில் வேட்டை தடை செய்யப்பட்ட காப்பகம் இருக்கிறது. மூஸ் என்ற பெரிய மானையும் கருங்கரடியையும் பார்க்க வாய்ப்புள்ள இடம்.

இந்தச் சுற்றின் பெரிய பலம், எந்தக் காட்டுப்பாதை கைவிட்டாலும் நெடுஞ்சாலை ஒரு பகல் ஓட்டத்துக்குள் இருப்பதுதான். ஒரு குடும்பம் நடுவில் விலகிப் போனாலும் மற்றவர்கள் பயணம் தொடரும். குழுப் பயணத்தில் இந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக எதையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அபாயமும் இங்கேதான் அதிகம், ஏனென்றால் வரைபடத்தில் இருக்கும் சாலை தரையில் இல்லாமல் போகலாம். மரம் வெட்டி முடித்த பகுதியின் சாலையைக் கம்பெனி அப்படியே விட்டுவிடும், சில இடங்களில் பாலத்தையே கழற்றிக்கொண்டு போய்விடும். போன் ஆப் அந்தச் சாலையைப் பல வருஷம் காட்டிக்கொண்டே இருக்கும். தரையைப் படிக்கத் தெரிய வேண்டும். ஓரத்து ஆல்டர் செடிகள் இரண்டு பக்கக் கண்ணாடியையும் உரசத் தொடங்கினால், நடுவில் புல் முளைத்திருந்தால், மரலாரி ஓடி வருஷக்கணக்காகிறது என்று பொருள். பராமரிப்பும் அதோடு நின்றிருக்கும். அப்படிப்பட்ட பாதையில் ஓடை குறுக்கிடும் இடங்கள்தான் பொறி. அணை கட்டும் பீவர் என்ற விலங்கு, சாலைக்கு அடியில் போகும் குழாயின் வாயைக் குச்சியும் சேறும் வைத்து அடைத்துவிடும். தேங்கிய தண்ணீர் குழாயைச் சுற்றி வழி தேடி, மேலே இருக்கும் மண்ணைக் கீழிருந்தே அரித்துக்கொண்டு போகும். வண்டிக்குள் இருந்து பார்த்தால் சாலை முழுசாகத் தெரியும். இறங்கிக் கிட்டப் போனால்தான் டயர் தடத்தில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருப்பதும், அதன் விளிம்பிலிருந்து மணல் சரசரவென்று உள்ளே உதிர்வதும், அடியில் துருப்பிடித்த தகரக் குழாயைத் தாண்டித் தண்ணீர் ஓடுவதும் தெரியும். மூன்று டன் வண்டி அதன்மேல் ஏறினால் முன்சக்கரம் உள்ளே போய்விடும். ஒருவர் இறங்கி நடந்து பார்க்காமல் எந்த ஓடையையும் தாண்டாதீர்கள். ஐந்து நிமிஷ வேலை அது.

மூடப்பட்ட சாலை என்ற பலகையையும் அலட்சியப்படுத்தக் கூடாது. டெமாகமியில் அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. பழமையான பைன் மரங்களை வெட்ட ரெட் ஸ்குவிரல் சாலையை நீட்டியபோது, 1988, 1989-ல் டெமே-அகமா அனிஷ்னாபே மக்களும் சூழல் ஆர்வலர்களும் சாலையை மறித்துப் போராடினார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பாப் ரே அந்த மறியலில் கைதானார், அடுத்த வருஷமே மாகாண முதல்வரானார். அந்தப் பகுதியில் வாயிலும் தடையும் இருக்கும் இடங்களில் நாம் விருந்தாளிகள் என்பதை மறக்கக் கூடாது.

யாருக்குப் பொருந்தும்: முதல் முறை சேர்ந்து போகும் குழு, குழந்தைகள் உள்ள குடும்பங்கள், ஆறு ஏழு நாள் லீவு உள்ளவர்கள். சேறு, பாறை என்று வண்டியின் திறமையைச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கும் மூன்றில் இது ஒன்றுதான் இடம்.

## ஜேம்ஸ் பே, டிரான்ஸ்-டைகா: கடினம் தூரத்தில் இருக்கிறது

1971-ல் கியூபெக் முதல்வர் ராபர்ட் பூராசா அறிவித்த பெரும் நீர்மின் திட்டத்துக்காக வெட்டிய சாலைகள் இவை. நிலம் அங்கே காலங்காலமாக வாழ்ந்துவரும் க்ரீ மக்களுடையது. அவர்கள் நீதிமன்றம் போய்ப் போராடியதன் விளைவுதான் 1975 ஒப்பந்தம். அந்தப் போராட்டத் தலைவர்களில் ஒருவரான பில்லி டைமண்டின் பெயரையே 2020-ல் ஜேம்ஸ் பே சாலைக்கு வைத்தார்கள்.

மட்டாகாமியில் தொடங்கி ரேடிசன் வரை 620 கி.மீ. தார்ச்சாலை. ஆறாவது கி.மீ.-ல் பதிவு நிலையம் இருக்கிறது, பெயரும் வண்டி விவரமும் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். வழியில் பெட்ரோல் 381-ஆவது கி.மீ.-ல் ஒரே ஓர் இடத்தில். இடையிடையே அவசரத் தொலைபேசிகள் உண்டு. ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

544-ஆவது கி.மீ.-ல் கிழக்கே பிரிவதுதான் டிரான்ஸ்-டைகா. பிரிசே அணை வரை 582 கி.மீ. கிராவல், அதற்கப்பால் கானியாபிஸ்கோ நீர்த்தேக்கம் வரை இன்னும் 84 கி.மீ. மோசமான பாதை. வட அமெரிக்காவில் சாலை வழியாக ஓர் ஊரிலிருந்து இதைவிடத் தொலைவுக்குப் போக முடியாது. சாலையின் கடைசி முனையில் நின்றால் மிக அருகில் உள்ள ஊர் ரேடிசன், 745 கி.மீ.

இந்தச் சாலையில் ஓட்டும் திறமை பெரிதாகத் தேவைப்படாது. சாதாரண வண்டியில் நிதானமாகப் போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். அதை வைத்து எளிது என்று முடிவு கட்டினால் ஆபத்து. கற்கள் கூர்மையானவை, டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது, டயர் போனது போனதுதான். வண்டிக்கு இரண்டு முழு அளவு ஸ்பேர், கனமான சுமை தாங்கும் எல்டி வகை இ ரேட்டிங் டயர். இது இல்லாத ஒரு வண்டி குழுவில் இருந்தாலும் நான் இந்தப் பாதைக்குச் சம்மதிக்க மாட்டேன்.

பெட்ரோல் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ரேடிசனில் நிரப்பிக்கொண்டு திரும்பி 544-க்கு வந்து, டிரான்ஸ்-டைகாவில் 358-ஆவது கி.மீ.-ல் உள்ள மிராஜ் விடுதியை எட்டச் சுமார் 430 கி.மீ. அங்கிருந்து கடைசி முனைக்கு 308, திரும்பி மிராஜுக்கு 308, ஆக 616 கி.மீ. சுமையோடு கிராவலில் நூறு கி.மீ.-க்கு 15 லிட்டர் என்று வைத்தால் 92 லிட்டர். அவசரத்துக்குக் கால்பங்கு கூட்டினால் 115 லிட்டர். பழைய மாடல் ஃபோர்ரன்னரின் டேங்க் 87 லிட்டர், புதிய மாடலில் அதைவிடக் குறைவு. அப்படியானால் வண்டிக்கு 20 லிட்டர் ஜெர்ரி கேன் இரண்டு, புதிய மாடலுக்கு மூன்று. கேனை ஆள் உட்காரும் இடத்தில் வைக்கவே கூடாது, பிக்கப்பின் பின்பெட்டியிலோ கூரைக் கம்பியிலோ இறுக்கிக் கட்ட வேண்டும். மிராஜில் பெட்ரோல் இருக்கிறதா, எந்த மாதம் வரை திறந்திருக்கும் என்பதைக் கிளம்புவதற்கு முன் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு நாள்கள். டொரண்டோவிலிருந்து மட்டாகாமிக்கே ஒரு முழு நாள் தாண்டும். எல்லாம் சேர்த்து 4,000 கி.மீ.-ஐ விஞ்சிவிடும். பத்து நாளில் இழுத்துப் பிடித்துப் போய் வர முடியும், ஆனால் பாதி நாள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே கழியும். சின்னக் குழந்தைகளுக்கு இது தண்டனை.

மருத்துவத்திலும் ஒரு விஷயம். ஒண்டாரியோ சுகாதார அட்டை கியூபெக்கில் முழுசாகச் செல்லுபடியாகாது. அந்த மாகாணம் மருத்துவர் கட்டணப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் இல்லாததால், டாக்டருக்குக் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும், முழுத் தொகை திரும்பாமலும் போகலாம். ஆம்புலன்ஸ் தனி. பயண இன்சூரன்ஸ் வெளிநாட்டுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

காட்டுத்தீ இந்தப் பாதையில் தனிக் கவலை. கனடாவில் 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்த 2023 கோடையில் ஜேம்ஸ் பே பகுதியில் தீ பரவி, பில்லி டைமண்ட் சாலையே மூடப்பட்டது. ஒரே சாலை உள்ள நிலத்தில் அது மூடினால் வெளியே வர வேறு வழி தேட வேண்டும். ரேடிசனுக்கும் மட்டாகாமிக்கும் நடுவே 275-ஆவது கி.மீ. பக்கம் ரூத் டு நோர் என்ற 407 கி.மீ. கிராவல் சாலை சிபூகமாவுக்குப் பிரிகிறது. அது உதவும், ஆனால் நீங்கள் டிரான்ஸ்-டைகாவின் உள்ளே இருந்தால் அதை எட்டவே வெகுதூரம் வர வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஏன் போக வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். உயரம் குறைந்த கருஸ்ப்ரூஸ் மரங்கள், அடியில் வெளிர்பச்சைப் பாசி, மணிக்கணக்காக எதிர்வண்டி ஒன்றுகூட வராத சாலை, செப்டம்பர் இரவில் தலைக்கு மேல் வடதுருவ ஒளி. வேறெங்கும் இவ்வளவு அகலமான தனிமையை ஒரு வண்டியில் போய்த் தொட முடியாது.

யாருக்குப் பொருந்தும்: ஏற்கெனவே சேர்ந்து ஓட்டிப் பழகிய, பெரியவர்கள் மட்டுமே உள்ள, மூன்று வண்டிக்கு மேற்படாத குழு. பன்னிரண்டு நாளாவது கையில் இருந்தால் நல்லது.

## வட மேய்ன்: நுழைவாயில் வைத்த காடு

மேய்னின் வடமேற்கில் 35 லட்சம் ஏக்கர் தனியார் காட்டை நார்த் மேய்ன் வுட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. நுழையும் சாலைகளில் வாயில்கள் இருக்கும். பெயர், வண்டி எண், எந்த முகாமில் எத்தனை இரவு என்று எழுதிக்கொண்டு, ஆளுக்கும் நாளுக்குமாகக் கட்டணம் வாங்குவார்கள். வெளிமாநிலத்தவருக்கு, வெளிநாட்டவருக்கு விலை கூடுதல். பத்துப் பேர் ஒரு வாரம் என்றால் கையைக் கடிக்கும். பணமாகக் கொண்டுபோவது நல்லது. அந்தப் பதிவேட்டினால் ஒரு நன்மையும் உண்டு: நீங்கள் உள்ளே இருப்பது ஒருவருக்குத் தெரியும்.

சாலைகள் அகலமானவை, சீரானவை. மில்லினாக்கெட்டில் இருந்து கியூபெக் எல்லை வரை 96 மைல் போகும் கோல்டன் ரோடு காகிதக் கம்பெனி போட்டது. இங்கே மரலாரிக்கே முதல் உரிமை. பொதுச்சாலையில் அனுமதிக்கப்படாத அகலமும் சுமையும் கொண்ட லாரிகள் நடுச்சாலையில் வரும். தூசி கிளம்புவதைக் கண்டவுடன் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். பாலத்திலோ வளைவிலோ வண்டியை நிறுத்திப் படம் எடுக்கவே கூடாது. மோட்டார் சைக்கிள், ஏடிவி என்ற நாலு சக்கரக் காட்டு வண்டி, சைக்கிள் எதற்கும் உள்ளே அனுமதி இல்லை, 28 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கும் இல்லை. சேற்றில் இறங்கி விளையாட நினைப்பவர்கள் இங்கே வர வேண்டாம்.

பார்ப்பதற்கு நிறைய உண்டு. 1,606 மீட்டர் உயர கட்டாடின் மலை, 92 மைல் நீள அலகாஷ் நீர்வழி. அந்த நீர்வழியில் ஈகிள் ஏரிக் கரையில், மரம் ஏற்றிக்கொண்டு ஓடி 1933-க்குப் பிறகு கைவிடப்பட்ட இரண்டு நீராவி எஞ்சின்கள் காட்டுக்கு நடுவே அப்படியே நிற்கின்றன.

நம்மவர்களுக்குச் சிக்கல் எல்லையில். கனடாவின் பிஆர் (நிரந்தர வசிப்பு) அட்டை இருந்தாலும், இந்திய அல்லது இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசா கட்டாயம். குழுவில் ஒரே ஒருவருக்கு அது இல்லை என்றால் மேய்ன் திட்டம் அங்கேயே முடிந்தது, அவரை விட்டுவிட்டுப் போகும் பேச்சே வரக் கூடாது. ஆகவே திட்டம் போடும் முதல் நாளே எல்லோர் பாஸ்போர்ட்டையும் கேளுங்கள். விறகை எல்லை தாண்டிக் கொண்டுபோகாதீர்கள், பூச்சி பரவும் என்று தடுப்பார்கள். கறிவேப்பிலைக்கும் தடை, எலுமிச்சை இனப் பயிர்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் வீண் வம்பு இல்லை. இறைச்சி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் வாரத்தில் பார்த்துவிடுங்கள். வாக்கி-டாக்கியிலும் கவனம்: கனடாவில் ஜிஎம்ஆர்எஸ் செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம், அமெரிக்காவில் வேண்டும். அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, இன்சூரன்ஸ் இல்லாமல் ஒருவரும் வரக் கூடாது.

யாருக்குப் பொருந்தும்: எல்லோர் கையிலும் கனடிய பாஸ்போர்ட்டோ விசாவோ உள்ள, வயதானவர்களும் வரும் குழு. முகாமை முன்கூட்டியே முடிவு செய்து, நடை, படகு, மீன்பிடிப்பு என்று இருக்க விரும்புகிறவர்கள்.

## எங்கே போனாலும் கூடவே வரும் செலவுகள்

வாடகை வண்டி என்றால் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள். தார் இல்லாத சாலையில் ஓட்டக் கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். மீறி ஓட்டி அடிபட்டால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், முழு வண்டி விலையும் உங்கள் தலையில்.

மீட்புக் கருவிகளில் பணத்தை மிச்சப்படுத்தாதீர்கள். நாலு வண்டிக்கு நாலு செட் தேவையில்லை. நல்ல இழுவைக் கயிறு இரண்டு, கயிற்றை வண்டியோடு மாட்டும் சாஃப்ட் ஷாக்கிள், சக்கரத்துக்கு அடியில் போடும் பலகை இரண்டு ஜோடி, காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஒன்று, ரம்பம் ஒன்று போதும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி இழுப்பதை மட்டும் யார் செய்தாலும் தடுத்து நிறுத்துங்கள். அந்த உருண்டை அறுந்தால் குண்டாகப் பறந்து வந்து ஆளைக் கொல்லும், அப்படி இறந்தவர்கள் உண்டு.

சாட்டிலைட் கருவி குறைந்தது இரண்டு, இரண்டும் வெவ்வேறு வண்டியில். ஐபோன் 14-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் அவசரச் செய்தி வசதி இருக்கிறது, ஆனால் அடர்ந்த மரத்தடியில் சிரமப்படும். வானம் தெரியும் இடத்துக்கு வர வேண்டும்.

வரிசையாகப் போகும்போது ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்யுங்கள். எந்தப் பிரிவிலும், பின்னால் வரும் வண்டி உங்களைப் பார்த்துவிட்டது என்று உறுதியான பிறகே திரும்ப வேண்டும். தூசிக்காக இடைவெளி விட்டே ஓட்டுவோம், ஆகவே முன்வண்டி கண்ணுக்குத் தெரியாது. இந்த விதியை நாலு ஓட்டுநரும் காத்தால் ஒருவரும் தொலைய மாட்டார்கள். ஒருவர் மறந்தால் குழு இரண்டாகிவிடும், பாதி நாள் தேடலில் போகும். ஐந்து வண்டிக்கு மேல் போனால் இந்த ஒழுங்கு நிற்காது, முகாமிலும் இடம் கிடைக்காது.

கரடி மூன்று காட்டிலும் உண்டு. சமையலைக் கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள், உணவையும் குப்பையையும் இரவில் வண்டிக்குள் பூட்டுங்கள். கருவாடு வீட்டிலேயே இருக்கட்டும், அந்த மணம் கூடாரத் துணியில் ஏறினால் நாள்கணக்கில் போகாது. தீத்தடை அறிவிப்பு வந்தால் கேம்ப்ஃபயர் கூடாது, மூடித் திறக்கும் வால்வு உள்ள கேஸ் அடுப்புதான். அடுப்பு இல்லாமல் விறகை நம்பிப் போகாதீர்கள்.

காலம்: மே கடைசியிலிருந்து ஜூலை தொடக்கம் வரை கருஈயும் கொசுவும் சேர்ந்து கடிக்கும், குழந்தைகளின் காதோரம் ரத்தம் வரும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி அருமை. அதன்பின் மூஸ் வேட்டைக் காலம், காட்டில் துப்பாக்கிகளும் வண்டிகளும் கூடும், ஆரஞ்சு நிற மேலாடை இல்லாமல் நடக்கக் கூடாது. கானியாபிஸ்கோ பக்கம் செப்டம்பர் கடைசியில் பனியே விழலாம்.

## என் தேர்வு

இதுவரை சேர்ந்து ஓட்டாத குழு என்றால் வட ஒண்டாரியோ. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. யார் பொறுமைசாலி, யார் வண்டி சூடேறுகிறது, யாருக்கு இரவில் ஓட்டக் கண் தெரியவில்லை என்பதெல்லாம் நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் தெரிய வேண்டும். பாட்டி தாத்தாவோடு போகிறவர்கள், காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தால், மேய்னைப் பாருங்கள்.

டிரான்ஸ்-டைகாவில் பிடிவாதமாக இருப்பவர் குழுவில் ஒருவராவது இருப்பார். அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துவரும் நடுவழி ஒன்று உண்டு. மட்டாகாமியிலிருந்து ரேடிசன் வரை தார்ச்சாலையில் போய் இரண்டு இரவு தங்குங்கள். ராபர்ட்-பூராசா அணையின் ராட்சதப் படிக்கட்டு போன்ற வழிந்தோடியைப் பாருங்கள், உள்ளே சுற்றிக் காட்டுவது இலவசம், முன்பதிவு வேண்டும். நூறு கி.மீ. மேற்கே சிசாசிபி தாண்டினால் ஜேம்ஸ் பே கடலோரம். திரும்பும்போது ரூத் டு நோர் வழியாக சிபூகமாவுக்கு இறங்கினால் 407 கி.மீ. கிராவலும் கிடைக்கும், அதன் நடுவில் நெமிஸ்காவில் பெட்ரோலும் கிடைக்கும். அந்த நானூறு கி.மீ.-ல் எத்தனை டயர் போனது, எந்த வண்டி எவ்வளவு குடித்தது என்று எழுதி வைத்துக்கொண்டால், டிரான்ஸ்-டைகாவுக்கான கணக்கை அடுத்த வருஷம் ஊகமின்றிப் போடலாம்.